தாள் கூடை

புது வருஷம் பிறந்து மூன்றாம் நாள் சாயங்காலம், அந்தக் கட்டடத்தின் எட்டு வீட்டுக்காரர்களும் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றார்கள். கூட்டியது லேப் டீச்சர். உண்மையில் அவள் டீச்சர் இல்லை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வகத்து உதவியாளர். சோதனைக் குழாய் கழுவுவதும், அமில பாட்டில்களில் சீட்டு ஒட்டுவதும், உடைந்த கண்ணாடியை மணல் டின்னில் போட்டு மூடுவதும்தான் இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. அவள் பேசுகிற தோரணையைப் பார்த்து யாரோ ஒருநாள் டீச்சர் என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. அவளும் திருத்தவில்லை.

நம் வீட்டுக் குப்பையெல்லாம் ஒரே பையில் கட்டி அனுப்புகிறோம், அது ஊருக்கு வெளியே மலையாகக் குவிந்து எரிகிறது, காற்று திரும்பினால் அந்தப் புகை நம் ஜன்னலுக்கே வருகிறது என்று ஆரம்பித்தாள். இந்த வருஷத்திலிருந்து வீட்டுக்கு மூன்று கூடை. சமையலறைக் கழிவு ஒன்றில், தாளும் அட்டையும் ஒன்றில், மிச்சமெல்லாம் மூன்றாவதில். கடைக்குப் போனால் துணிப்பை. பிளாஸ்டிக் புட்டிகள் இனி வீட்டுக்குள் வரக்கூடாது, இருப்பதையும் ஒழித்துவிட வேண்டும்.

இரண்டாவது மாடி பேங்க்காரர், இனி குளிப்பதற்கும் டீச்சரிடம் மனு போட வேண்டுமா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். அன்று இரவு அவள் தரையில் கால் பாவாமல்தான் படியேறினாள்.

மறுநாள் காலை தன் வீட்டிலிருந்தே ஆரம்பித்தாள். அலமாரிக்கு அடியிலும் குளியலறையிலும் இருந்த புட்டி, டப்பா எல்லாவற்றையும் பெரிய சாக்கில் அள்ளிப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டாள். அந்தச் சாக்கில் கணவருடைய புட்டியும் போய்விட்டது. தரை துடைக்கிற மருந்து வந்த கெட்டியான நீலப் புட்டி அது. கணவருக்குப் பதினோரு வருஷமாகச் சர்க்கரை. காலையும் மாலையும் தானே இன்சுலின் போட்டுக்கொண்டு, ஊசியை அந்தப் புட்டிக்குள் போட்டு மூடி திருகி வைப்பார். நிறைந்ததும் மருந்துக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

அன்று சாயங்காலம் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எங்கே போடுவது என்று கேட்டார். அவள் கைப்பேசியில் மேல் வீட்டம்மாளுக்கு, முட்டை அட்டை எந்தக் கூடை என்று விளக்கிக்கொண்டிருந்தாள். கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே, "தாள்ல சுத்திப் போட்டுடுங்களேன்" என்றாள்.

அவர் சொன்ன சொல் தட்டாதவர். பழைய செய்தித்தாளில் ஊசியை நன்றாகச் சுற்றினார். தாள்தானே என்று தாள் கூடையில் போட்டார். அதற்கப்புறம் தினமும் இரண்டு பொட்டலம்.

குப்பை வண்டி தள்ளிக்கொண்டு வருகிற பெண்ணை அந்தத் தெரு முழுக்க வண்டியக்கா என்றுதான் கூப்பிடும். நாற்பத்தைந்து வயது இருக்கும். மஞ்சள் மேல்கோட்டு, கழுத்தில் தொங்கும் விசில். காலை ஏழு மணிக்கு விசில் கேட்டால் எல்லோரும் கூடையோடு இறங்குவார்கள். மூன்று கூடை ஏற்பாடு வந்ததில் அவளுக்குத்தான் மெத்தச் சந்தோஷம். மற்ற கட்டடங்களில் பையைப் பிரித்தால் வாந்தி வருகிற மாதிரி இருக்கும், உங்கள் இடத்துக்கு வந்தால்தான் மூச்சு விட முடிகிறது டீச்சர் என்று சொல்வாள். தாளும் அட்டையும் காய்ந்து சுத்தமாக இருந்ததால் கையுறையைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையால் அழுத்திப் படியவைத்து, வண்டியின் ஓரத்தில் அடுக்குவாள். கையுறை போட்டால் தாள் வழுக்குகிறதாம். லேப் டீச்சர் அதைக் கட்டட வாசலில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பார்க்க நிறைவாகக்கூட இருந்தது.

மாசக் கடைசியில் ஒருநாள், அழுத்திய கையை வண்டியக்கா சட்டென்று இழுத்துக்கொண்டாள். கட்டைவிரலுக்குக் கீழே சதையில் ஊசி ஏறியிருந்தது. பிடுங்கி எறிந்துவிட்டு, குழாயில் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டாள். அப்போது லேப் டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தாள்.

மறுநாள் காலையில் வண்டியக்கா கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். மேஸ்திரி சொல்லிப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். அங்கே சாதாரண ஊசி ஒன்று போட்டு, குத்தியது யார் போட்டுக்கொண்ட ஊசி என்று தெரிந்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆளின் ரத்தத்தைப் பார்க்க வேண்டுமாம். அதில் ஏதாவது இருந்தால் ஒரு வாரத்துக்குள் இன்னொரு மருந்து போட வேண்டுமாம்.

"யாரையும் திட்ட மாட்டேன் டீச்சர். யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும். நான் கேட்டா சொல்ல மாட்டாங்க. நீங்க கேட்டா சொல்லுவாங்க."

லேப் டீச்சருக்குத் தான் கைப்பேசியில் பேசிக்கொண்டே கணவரிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறந்தாள். வந்த சொல், "கேட்டுச் சொல்றேன்" என்பதுதான்.

கேட்கவும் கேட்டாள். அதுதான் அவள் செய்ததிலேயே பெரிய பாவம். அன்று சாயங்காலம் படியேறி இறங்கி, ஏழு வீட்டுக் கதவையும் தட்டி, உங்கள் வீட்டில் யாராவது ஊசி போட்டுக்கொள்கிறீர்களா என்று விசாரித்தாள். ஏழு வீட்டிலும் இல்லை என்றார்கள். ஒவ்வொரு கதவு மூடும்போதும், இதோ அடுத்த கதவுக்குப் போவதற்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். கால் மேலே மேலே போனது. அவள் கணவருக்குச் சர்க்கரை என்று பாதிப் பேருக்குத் தெரியும். இருந்தும் டீச்சர் வீட்டில் அப்படி நடக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் கணவர் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம ஊசிதானே?" என்றார்.

அவள் விளக்கைப் போட்டாள்.

"நான் போய்ச் சொல்லிடறேன். தெரியாம நடந்ததுதானே. மன்னிப்புக் கேட்டுட்டு ரத்தம் குடுத்துட்டு வரேன்."

அவள் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். உங்களுக்கு இருப்பது சர்க்கரை, அது ஒட்டுகிற வியாதியா என்று கேட்டாள். இல்லாத ஒன்றுக்காக ஊரைக் கூட்டினால் நாளைக்கு எந்த முகத்தோடு படியிறங்குவது, குப்பை பிரிக்கச் சொன்னவள் வீட்டிலேயே இப்படி என்று பேங்க்காரர் காலத்துக்கும் பேச மாட்டாரா என்றாள். உடைந்த குழாயை எப்படி அப்புறப்படுத்துவது என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான் என்றாள். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வண்டியக்காவிடம், வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டேன், யாரும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னாள். அவள் சரி டீச்சர் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அன்று கையுறை போட்டிருந்தாள்.

பழி விழ ஒரு தலை வேண்டியிருந்தது. நாலாவது மாடியில் தனியாகக் குடியிருந்த பேக்கரிக்காரன் தலை வாகாக இருந்தது. விடியுமுன் வேலைக்குப் போய், பகலில் தூங்கி, யாரிடமும் பேசாதவன். இந்தக் காலத்துப் பசங்கள் எதை எதையோ ஏற்றிக்கொள்கிறார்கள் என்று பேங்க்காரர் ஆரம்பித்தார். படியில் அவன் வந்தால் பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். இரண்டு வாரத்தில் வீட்டுச் சொந்தக்காரர் அவனைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் இறங்கிய அன்று லேப் டீச்சர் எதிரே ஏறிக்கொண்டிருந்தாள். சுவரோடு ஒண்டி வழி விட்டாள். அவன், "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அவளிடம் விடைபெறாமல் போகக்கூடாது என்று நினைத்திருப்பான் போலிருக்கிறது.

ஏப்ரலில் கணவருக்குக் கண்ணில் புரை எடுக்க நாள் குறித்தார்கள். அதற்கு முன்னால் வழக்கமான ரத்தப் பரிசோதனை. இரண்டாம் நாள் கூப்பிட்டனுப்பி, ஈரலைத் தாக்குகிற கிருமி ரத்தத்தில் இருக்கிறது என்றார்கள். பல வருஷமாகவே இருக்கலாம், சிலருக்கு வெளியே தெரியாமலே இருக்கும் என்று அந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். ரத்தத்தின் வழியாகத்தான் பரவும், ஒருவர் போட்ட ஊசி இன்னொருவருக்குக் குத்தினால் வரலாம் என்றார். கணவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அங்கேயே ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கு எதுவும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு வாரத்துக்கு மேலாக ஏழு மணி விசில் வேறு மாதிரி கேட்கிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் வேறு யாரோ ஒரு வயதான ஆள்.

அந்த ஆளிடம் விசாரித்துக்கொண்டு, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பொது வார்டில், கடைசிக்கு முந்தின கட்டிலில் வண்டியக்கா படுத்திருந்தாள். கண்ணும் தோலும் மஞ்சளாக இருந்தன. வயிறு உப்பியிருந்தது. பக்கத்தில் அவள் மகள், துணி ஆலையில் இஸ்திரி போடுகிற பெண், தண்ணீர்த் தம்ளரோடு நின்றிருந்தாள். டீச்சர் வந்திருக்காங்கம்மா என்று மகள் சொன்னதும், நோயாளி எழுந்து உட்காரப் பார்த்தாள்.

லேப் டீச்சர் உட்காரவில்லை.

"அக்கா, அந்த ஊசி எங்க வீட்டுது. எங்க வீட்டுக்காரர் போட்டுக்கிட்டது. அவர் ரத்தத்துல இந்த வியாதி இருக்காம். இப்பத்தான் தெரிஞ்சது."

வண்டியக்கா அவளையே பார்த்தாள். பார்வை கலங்கியிருந்தாலும் நினைவு தெளிவாகத்தான் இருந்தது.

"வியாதி இப்பத் தெரிஞ்சது. ஊசி உங்களுதுன்னு எப்பத் தெரியும்?"

"நீங்க வந்து கேட்டீங்களே, அப்பவே."

அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"நான் உங்களைத்தானே கேக்கச் சொன்னேன்," என்றாள் வண்டியக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் எவ்வளவு நேரம் நின்றும் திரும்பவில்லை.

பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே சரியாகிவிடும், நூறில் ஒருவருக்குத்தான் ஈரல் அடியோடு போகும் என்று டாக்டர்கள் மகளிடம் சொல்லியிருந்தார்கள். வண்டியக்கா அந்த ஒருவராகிப் போனாள். ஒன்பதாம் நாள் காலையில் உயிர் போயிற்று.

கட்டடத்தில் லேப் டீச்சரே எல்லோரையும் கூட்டிச் சொன்னாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. பேங்க்காரர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, போனவர் போய்விட்டார், இதை வெளியே சொன்னால் கட்டடத்துக்குத்தான் கெட்ட பெயர் என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். பேக்கரிக்காரன் பேரை யாரும் எடுக்கவில்லை. அவள் எடுத்தாள். எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். அவன் வேலை பார்த்த பேக்கரிக்கு அடுத்த நாள் போனாள். போன மாசமே நின்றுவிட்டான், எங்கே போனான் என்று தெரியாது என்றார்கள்.

குப்பை வண்டிகளைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒப்பந்தக்காரர், வண்டியக்கா வேலையில்தான் நோய் வாங்கினாள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று மகளைத் திருப்பி அனுப்பியிருந்தார். அது காதில் விழுந்த அன்றே லேப் டீச்சரும் கணவரும் மேஜையருகே உட்கார்ந்தார்கள். ஒப்பந்தக்காரரிடம் காட்ட அத்தாட்சியாக, என்ன தேதி, எந்தத் தாள், யார் சுற்றியது, யார் போடச் சொன்னது, எல்லாவற்றையும் எழுதினாள். கணவர் கீழே முதலில் கையெழுத்துப் போட்டு, பரிசோதனைத் தாளின் நகலையும் இணைத்தார். கண் ஆபரேஷனைத் தள்ளிவைத்திருந்ததால், எங்கே கையெழுத்திடுவது என்று அவர் விரலைப் பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது.

மகள் வீடு ஒற்றை அறை. உள்ளே போனதும் மேஜை, அதன்மேல் இஸ்திரிப் பெட்டி, யாருடைய சட்டைகளோ மடித்து அடுக்கியிருந்தன. கதவுக்குப் பின்னால் ஆணியில் மஞ்சள் கோட்டு துவைத்துத் தொங்கியது. உட்காரச் சொல்லவில்லை. கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"தெரியாம நடந்துபோச்சுன்னு எழுதியிருக்கீங்க," என்றாள்.

"ஊசி போட்டது தெரியாமத்தான்மா."

"அது சரி. அப்புறம் வீடு வீடாப் போய் நீங்களே விசாரிச்சீங்களே, யாருமே இல்லைன்னு எங்கம்மாகிட்ட வந்து சொன்னீங்களே. அது இதுல இல்லை."

எழுதும்போது அந்த இடத்தில் பேனா தானாகவே தாண்டிப் போயிருந்தது. தாண்டியது லேப் டீச்சருக்குத் தெரியும்.

"அதையும் எழுதுங்க," என்றாள் மகள்.

இஸ்திரிப் பெட்டியை ஓரமாக நகர்த்தி, சட்டைகளை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, மேஜையைக் காலி செய்து கொடுத்தாள். லேப் டீச்சர் குனிந்து நின்றபடி எழுத ஆரம்பித்தாள். பேக்கரிக்காரனைப் பற்றியும் எழுதினாள். மகள் பக்கத்தில் நின்று, வரி வரியாக, கூடவே படித்துக்கொண்டு வந்தாள்.