பன்னிரண்டாம் ஃபாரம்

முப்பது நாள் வீட்டோடு கிடக்க வேண்டும் என்று மதுரை டாக்டர் சொன்னதும், இதற்கு அந்த நெஞ்சுவலியே தேவலை என்றாகிவிட்டது வெள்ளைத்துரை அண்ணாச்சிக்கு. அச்சாபீஸ் பக்கம் போகக் கூடாது, போனைத் தொடக் கூடாது, யாரையும் வையக் கூடாது. திருத்தங்கலில் முப்பத்தைந்து வருஷமாகப் பிரஸ் நடத்துகிற மனுஷனிடம் வையாதே என்றால் அவர் வேறு என்னதான் செய்வார், பாவம்! மகள் ஸ்ரீமதி நூலகத்திலிருந்து புத்தகங்களாகக் கொண்டுவந்து கட்டிலில் போட்டாள். மாதக் கடைசியில் ஒவ்வொன்றைப் பற்றியும் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று கட்டளையும் போட்டாள்.

முதல் வாரம் அவர் வாசித்ததெல்லாம் வாசிப்பில் சேர்த்தியே இல்லை. காகிதத்தைத் தடவிப் பார்த்தார். மை எங்கே அப்பியிருக்கிறது என்று பார்த்தார். தையல் விட்ட இடத்தில் பல்லைக் கடித்தார். ஆயுசெல்லாம் பட்டாசு லேபிளும் காலண்டரும் புத்தகமுமாக அடித்துத் தள்ளியவர், அடித்ததில் ஒன்றைக்கூட உட்கார்ந்து வாசித்ததில்லை. இரண்டாம் வாரம் எப்படியோ கதை ஆளைப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் வாரம் சாப்பிடக் கூப்பிட்டால் இந்தா வாரேன் என்று குரல் மட்டும்தான் வந்தது. இருபத்தைந்து நாளில் எட்டுப் புத்தகம் முடிந்தது.

ஒன்பதாவதுதான் வினையாகிப்போனது. வாசிக்க ஒன்றும் இல்லாமல் பீரோவைத் துழாவியபோது, தன் பிரஸ்ஸிலேயே அடித்த நாவலின் மாதிரிப் பிரதி ஒன்று அகப்பட்டது. எழுதியவர் ஆமத்தூர் எவாஞ்சலின் டீச்சர். அக்காவோடு சண்டைபோட்டுப் பதினெட்டு வருஷம் முகத்தில் முழிக்காத தங்கை ஒருத்தி, மனசு கேட்காமல் அக்காவைத் தேடி வருகிறாள். நூற்று எழுபத்தாறாம் பக்கத்தில் கதவைத் தட்டுகிறாள். பதில் இல்லை. தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அண்ணாச்சி அவசரமாகப் புரட்டினார். மறுபடியும் நூற்று அறுபத்தொன்றாம் பக்கம் வந்தது. அதிலிருந்து நூற்று எழுபத்தாறு வரை இன்னொரு தடவை ஓடி, புத்தகம் முடிந்துவிட்டது.

தொழில்காரருக்கு விளங்க எவ்வளவு நேரமாகும்? பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். தீபாவளி சீசன் அவசரத்தில் பதினோராவது ஃபாரத்தையே இரண்டு தடவை ஓட்டிவிட்டு, கடைசியான பன்னிரண்டாவதை ஓட்டாமலே ஐநூறு பிரதியையும் கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

அத்தோடு விட்டதா! அந்த நாளும் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் டீச்சர் ஒரு பிரதியைத் தூக்கிக்கொண்டு பிரஸ் வாசலில் வந்து நின்றார். லேபிள் லோடு ஏறிக்கொண்டிருந்தது. கடைசிப் பக்கங்களைக் காணோம், திரும்ப அடித்துத் தர முடியாவிட்டால் கையெழுத்துப் பிரதியையாவது கொடுங்கள் என்று கேட்டார். அது கழிவுக் காகிதத்தோடு பட்டாசுக் குழாய் சுற்றப் போயிருந்தது. அண்ணாச்சி லாரியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "கடைசிப் பக்கம் வரைக்கும் எவன் டீச்சர் வாசிக்கப்போறான்?" லோடு ஏற்றியவர்கள் சிரித்தார்கள். டீச்சர் பிரதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதை வாசித்ததிலிருந்து நாலு நாளாக அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டிலில் உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் உட்கார்ந்தார். கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று ஒரு பக்கம் மனசு அரித்தது. தான் சொன்ன சொல் மறுபக்கம் அறுத்தது. வேறு புத்தகத்தை எடுத்தால் இரண்டு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை.

முப்பதாம் நாள் ஸ்ரீமதி கேட்டபோது எட்டுப் புத்தகத்தைப் பற்றியும் நாலு நிமிஷத்தில் சொல்லி முடித்தார். தலைமாட்டில் கிடந்த ஒன்பதாவது எப்படி என்றாள்.

"அத நான் கொன்னுட்டேம்மா" என்றார். நடந்ததைச் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார். அவளும் தடுக்கவில்லை.

மன்னிச்சிருங்க, திரும்ப அடிச்சுத் தாரேன் என்று பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். ஆமத்தூரில் விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்து, கதவைத் தட்டினார். ரிட்டயராகி நரைத்துப்போயிருந்த டீச்சர் கதவைத் திறந்ததும் அவர் வாயில் வந்தது வேறு.

"டீச்சர், நூத்தி எழுபத்தாறுக்கு மேல என்ன ஆச்சு?"

டீச்சர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துவந்தார். தொலைந்துபோன பக்கங்களை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதி வைத்திருந்தாராம். முழுசாக வாசித்துவிட்டு முதலில் யார் கேட்டு வருகிறார்களோ அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று. சர்ச் சபையிலும் பள்ளிக்கூடத்திலும் சொந்தத்திலுமாக முந்நூறு பேருக்குமேல் புத்தகம் கொடுத்திருக்கிறார். அத்தனை பேரும் ரொம்ப நல்லா இருக்கு டீச்சர் என்றார்கள். முடிவு எங்கே என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

"நீங்க அன்னைக்குச் சொன்னது நெசந்தான்னே நெனச்சிட்டேன் அண்ணாச்சி" என்றார் டீச்சர். "அதுக்கப்புறம் ஒரு வரி எழுதல."

அண்ணாச்சிக்கு அவமானத்தில் காது சுட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று நோட்டை வாங்கக் கை நீட்டினார்.

"இங்கனயே இருந்து வாசிங்க. ஒருதடவ ஒங்க கையில குடுத்துத் தொலைச்சது போதும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு வரியாக வாசித்தார். ஒரு இடத்தில் முந்தின பக்கத்துக்குத் திரும்பிப் போய்விட்டு வந்தார். டீச்சர் ஜன்னலோரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரியை முடித்து நோட்டை மூடியபோது, ரொம்ப நல்லா இருக்கு டீச்சர் என்று சொல்லத்தான் வந்தது. அதை அப்படியே முழுங்கினார்.

"அக்கா உள்ள உசுரோட இல்லேன்னு தட்டுறதுக்கு முன்னாடியே தங்கச்சிக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தட்டியிருக்கா. சரியா டீச்சர்?"

டீச்சர் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"எந்த இடத்துல அப்பிடித் தோணுச்சு?" என்று கேட்டார்.