கொக்கைச் சுற்றிய வெளிச்சம்

எங்கள் சபையில் பாஸ்டரம்மா ஒரு புது வழக்கம் கொண்டுவந்தார்கள். வாலிபப் பிள்ளைகள் வாரம் ஒரு போட்டோ எடுக்க வேண்டும். மரமோ, மேகமோ, பறவையோ, கர்த்தர் படைத்தது எதுவானாலும் சரி. ஞாயிறு ஆராதனையில் அதை டிவியில் போட்டுக்காட்டி, எழுந்து நின்று ஒரு வரி நன்றி சொல்ல வேண்டும்.

"கண்ணத் தொறந்து பாத்தாவே நன்றி தானா வரும், ஜாஸ்மின்" என்றார்கள். ஒரகடம் கம்பெனியில் எட்டு மணி நேரம் லைனில் நின்று ஒயருக்குக் கிளிப் மாட்டிவிட்டு வருகிறவளுக்குக் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடு. எனக்குக் கொட்டாவிதான் வந்தது. இருந்தாலும் கடனே என்று ஒவ்வொரு வாரமும் எதையாவது எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த வாரம் சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனேன். கால் வலி உயிர் போனது. தண்ணீர் ஓரத்தில் ஒரு கொக்கு நின்றது, அதற்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் அது டிவியில் வந்ததும் சபையே எழுந்துவிட்டது. கொக்கைச் சுற்றிப் பால்போல ஒரு வெளிச்சம். "மகிமை! மகிமை!" என்று பாஸ்டர் சத்தமிட்டார். எங்கள் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கும் லீலா அக்கா முன்னால் போய் முழங்காலில் விழுந்து அழுதாள். அவள் புருஷன் ரகுபதி அண்ணனுக்கு டிபி. நாலு மாசம் மாத்திரை சாப்பிட்டாகிவிட்டது, இன்னும் இரண்டு மாசம் பாக்கி. "எங்க வூட்டுக்குத்தான் இந்த வெளிச்சம் வந்துகீது" என்று அழுதாள்.

அன்றைக்கு எல்லோரும் என்னையே பார்த்தார்கள். லைனில் என் பெயர்கூடத் தெரியாமல் பதினாலாம் நம்பர் என்று கூப்பிடுகிறார்கள். இங்கே பாட்டிமார்கள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

செவ்வாய்க்கிழமை குட்டு வெளிப்பட்டது. எங்கள் கம்பெனிக்குள் போட்டோ எடுக்கக் கூடாது. அதனால் கேட்டில் செக்யூரிட்டி நம் போன் கேமராமேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். வெளியே வந்ததும் பிய்த்து எறிவோம். தினமும் ஒட்டிப் பிய்த்ததில் கேமரா கண்ணாடிமேல் கோந்து படிந்திருந்தது. வெயிலுக்கு எதிரே எடுத்ததால் அதுதான் வெளிச்சமாகத் தெரிந்திருக்கிறது. துப்பட்டாவால் அழுத்தித் துடைத்துவிட்டு வேப்பமரத்தை எடுத்துப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. வெளிச்சமும் இல்லை, மகிமையும் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை கேட்டில் லீலா அக்காதான் டியூட்டி. பெண்கள் போனுக்கெல்லாம் அவள்தான் ஸ்டிக்கர் ஒட்டுவாள். என் போனை வாங்கி ஒட்டிக்கொண்டே சொன்னாள்: "உங்க அண்ணன் மாத்திரய நிறுத்திட்டாருமா. கர்த்தரே காமிச்சிட்டாரு, அப்பறம் இன்னாத்துக்கு மாத்திர?"

தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரை. நடுவில் விட்டால் அந்த நோய் இரட்டிப்பாகத் திரும்பும் என்று எல்லோருக்கும் தெரியும். என் கொக்கு ஒரு ஆளைக் கொன்றுவிடும் போலிருந்தது. வேலையில் கை ஓடவில்லை, சூப்பர்வைசரிடம் இரண்டு முறை திட்டு வாங்கினேன்.

ஷிப்ட் முடிந்ததும் அவளோடு மண்ணூரில் உள்ள அவள் வீட்டுக்கே போனேன். ரகுபதி அண்ணன் கட்டிலில் சுருண்டு கிடந்தார். யூனிபாரம்கூட மாற்றவிடாமல் அவளை வெயிலுக்கு முதுகு காட்டி வாசலில் நிறுத்தினேன். அதுவரை பிய்க்காமல் வைத்திருந்த ஸ்டிக்கரைப் பிய்த்து, கோந்தோடு ஒரு போட்டோ எடுத்தேன். அவள் முகத்தைச் சுற்றி அதே வெளிச்சம். கேமராவைத் துடைத்துவிட்டு இன்னொன்று எடுத்தேன். அதில் கண்ணுக்குக் கீழே கருவளையம், வெடித்த உதடு, எல்லாம் அப்படியே தெரிந்தது.

"வெறும் கோந்துதான்க்கா. தப்பு என்னுது. நேத்தே தெரியும், சொல்லல."

அவள் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"நம்புனேன்னு நெனச்சியா?" என்றாள். "மாத்திர போட்டா வாந்தி எடுக்கறாரு. கெஞ்சணும், திட்டணும், கழுவணும். அப்பறம் டியூட்டிக்கு ஓடணும். முடியலமா. நிறுத்தறதுக்கு ஒரு சாக்கு கெடச்சுது, புட்சிகினேன். அந்தாளு செத்துப்புடுவாருன்னு எனக்குத் தெரியாதா?"

நன்றி சொல் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

மாத்திரைப் பெட்டியை எங்கே வைத்திருக்கிறாள் என்று மட்டும் கேட்டேன். இனி தினமும் நான் வந்து கொடுக்கிறேன், விட்டுப்போனதை நாளைக்கு மாத்திரை தருகிற ஆஸ்பத்திரி நர்சம்மாவிடம் நானே சொல்கிறேன் என்றேன்.

"இன்னாம்மா, கொக்கு பறந்துச்சா?" என்றார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்த ரகுபதி அண்ணன், இருமிக்கொண்டே.

"பறந்துச்சு. எந்திரிங்கண்ணா."

ஒவ்வொன்றாக விழுங்கவைக்க அரை மணி நேரம் ஆனது. ஒருமுறை குமட்டினார், வாளியைப் பிடித்தேன், வாந்தி வரவில்லை. திரும்பிப் பார்த்தால் லீலா அக்கா யூனிபாரத்தோடு சுவரில் சாய்ந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பிவிடக் கூடாதே என்று நான் என் நன்றி ஸ்தோத்திரத்தை வாய்க்குள்ளேயே சொன்னேன்.