ஓட்வார் சொன்ன வேண்டாம்

நோர்வேயின் வட கோடியில் பிறந்து, பத்திரிகை நடத்தி, பாராளுமன்றத்தில் இருந்து, கடைசியில் ஒக்லாந்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஜன்னலோரக் கட்டிலில் வந்து கிடந்த ஒரு மனிதரின் கதை இது. சிரிப்பும் கொஞ்சம் இருக்கிறது பிள்ளைகள், ஆனால் அது முன்பாதியில்தான். சிரிப்பு வருகிறபோது சிரித்துவிடுங்கோ.

அவர் பெயர் ஓட்வார். எண்பதை நெருங்கின வயது. மகன் கப்பல் திருத்துகிற வேலைக்கு இங்கே வந்து, ஜூடித் என்ற இந்த நாட்டுப் பெண்ணைக் கட்டினவன். தாய் செத்தபிறகு தகப்பனையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டான். அவர் வந்து கனகாலம் ஆகவில்லை, மகன் தெற்கு மோட்டார்வேயில் கார் மோதிச் செத்துப்போனான். மருமகள் மாமனைத் திருப்பி அனுப்பவில்லை. "அங்கே அவருக்கு யார் இருக்கினம்?" என்று தன்னோடேயே வைத்துப் பார்த்தாள். அவள் நல்லவள். இந்தக் கதையில் கெட்டவரைத் தேடாதையுங்கோ, அகப்படமாட்டார்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டு குளிர்காலத்தில் ஓட்வாருக்குப் பாரிசவாதம் வந்தது. வலக் கை விழுந்தது. பிற்காலத்தில் படித்த ஆங்கிலம் துடைத்துவிட்டது போலப் போயிற்று. தாய்மொழியும் முழுதாக மிஞ்சவில்லை. நாலு சொல் சொன்னால் மூச்சு வாங்கும். எதைக் கேட்டாலும் "நை, நை" என்று தலையை ஆட்டுவார். நை என்றால் அவர்களுடைய மொழியில் இல்லை, வேண்டாம். கஞ்சிக்கு நை என்பார், பிறகு குடிப்பார். குளிக்க வார்க்க நை என்பார், பிறகு பேசாமல் இருப்பார். நேர்ஸ்மார் அந்த நையைக் காதில் போடுவதையே விட்டுவிட்டார்கள்.

அந்த ஆஸ்பத்திரி வாட்டில் தரை துடைத்தவள் சாந்தகுமாரி, யாழ்ப்பாணத்துப் பெண். பிரச்சினைக்குள் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது ஏஜன்சிக்காரன் கொண்டுபோய் விட்ட இடம் நோர்வே. அங்கே வடகரையில் மீன் பக்டரி ஒன்றில் நின்று மீன் வெட்டினாள். பிறகு சதாசிவத்துக்குப் பேசிக் கட்டி இங்கே வந்து, மவுண்ட் வெல்லிங்டனில் வாடகை வீட்டில் இருந்தாள்.

ஒரு நாள் காலை யாரோ ஜன்னலைத் திறந்து விட்டிருந்தார்கள். கிழவர் குளிர், குளிர் என்று தன் மொழியில் முனகினார். நேர்ஸ் தலையணையைத் தட்டிச் சரியாக்கிவிட்டுப் போனாள். சாந்தகுமாரி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, யோசிக்காமலே அவருடைய மொழியில் சொன்னாள்:

"குளிரெண்டால் மூடுறன். அதுக்கேன்டா கத்துறாய், பிசாசுப் பயலே."

மரியாதை கெட்டவள் என்று நினைக்காதையுங்கோ. பக்டரியில் மேற்பார்வைக்காரன் அப்படித்தான் கதைப்பான். ஏச்சில்லாமல் ஒரு வசனம் அவன் வாயில் வராது. இவள் அதுவும் மொழிதான் என்று முழுதாகப் படித்து வைத்திருந்தாள்.

கிழவர் விழித்துப் பார்த்தார். பிறகு ஒரு பக்க வாயால் சிரிக்கத் தொடங்கினார். தண்ணீர்க் கோப்பை கவிழ்ந்து, போர்வை நனைகிற அளவுக்குச் சிரித்தார்.

"எந்த ஊர் நீ?"

"யாழ்ப்பாணம்."

"நை. உன்ர வாய். வாய் எந்த ஊர்?"

அவள் பக்டரி இருந்த ஊரைச் சொன்னாள்.

"எங்கட கரை," என்றார் அவர். கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து அந்தக் கட்டிலடியைத் துடைக்க அவளுக்கு அதிக நேரம் பிடித்தது. வீட்டில் சதாசிவம் பகிடி பண்ணினான்.

"மீன் வெட்டின பாசையை வைச்சுக்கொண்டு பாராளுமன்றக்காரரோட கதைக்கிறியோ? என்ன கதை, செதில் எடுக்கிறதைப் பற்றியோ?"

"நீங்கள் என்னோட கதைக்கிறதை விட அவர் கூடக் கதைக்கிறார்."

"அந்தாளுக்கு நாலு சொல்லுத்தானே வரும் எண்டாய்?"

"அதைத்தான் சொல்லுறன்."

அவளுக்குத் தெரிந்ததும் கத்தி, ஐஸ், வாளி, எலும்பு, கெதியா, திரும்பக் கழுவு என்கிற வகைச் சொற்கள்தான். அவருக்கோ நாலு சொல். இரண்டையும் வைத்துக்கொண்டு, கையாலும் முகத்தாலும் மிச்சத்தைக் கேட்டுக் கேட்டு, அவருடைய சீவியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அறிந்துகொண்டாள்.

மீன்பிடிகாரனுடைய மகன். படகில் ஏறினால் தலைசுற்றிச் சத்தி வரும் என்றதால் அச்சுக்கூடத்தில் விட்டார்கள். எழுத்துக் கோர்த்துப் பழகி, பிறகு எழுதப் பழகினார். யுத்தத்தின் கடைசியில் பின்வாங்கின ஜேர்மன் படை அந்தக் கரை முழுவதையும் கொளுத்திக்கொண்டு போனது. ஓட்வார் தம்பியோடும் தாயோடும் மலைக் குகையில் குளிரைக் கழித்துவிட்டு இறங்கி வந்தபோது, அச்சு யந்திரம் சாம்பலுக்குள் உருகிக் கிடந்தது. ஒரு தகரக் கொட்டிலில் பத்திரிகையைத் திரும்பத் தொடங்கினார். அது கட்சிப் பத்திரிகை, தொழிலாளர் கட்சி. அதே கட்சி அவரை நகரசபைக்கும், பிறகு பாராளுமன்றத்துக்கும் அனுப்பியது. தலைநகரத்தில் கை உயர்த்துவார். ஊருக்கு வந்து, உயர்த்தினது சரியென்று ஆசிரியத் தலையங்கம் எழுதுவார்.

பிறகு எழுபத்திரண்டு. ஐரோப்பியப் பொதுச் சந்தையில் நோர்வே சேர்வதா என்று சனத்திடம் வாக்குக் கேட்டார்கள். கட்சி சேரவேண்டும் என்றது. வெளிநாட்டுப் படகுகள் தங்கள் கடலுக்குள் வந்துவிடும் என்று கரைச் சனம் கொதித்தது. ஓட்வாரின் மனமும் வேண்டாம் என்றுதான் சொன்னது. ஆனால் பத்திரிகையில் ஓம் என்று எழுதினார். ஒரு மாதமல்ல, வாக்கெடுப்பு நாள் வரைக்கும் எழுதினார். நாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அடுத்த தேர்தலில் அவருக்கு இடமில்லை. சனம் பத்திரிகையை நிறுத்தியது. சொந்தத் தம்பி வீதியில் கண்டால் மற்றப் பக்கம் மாறிப் போனான், சாகும்வரை கதைக்கவில்லை.

"ஏன் ஓம் எண்டு எழுதினனீங்கள்?" என்று சாந்தகுமாரி கேட்டாள்.

"பழக்கம்," என்றார் ஓட்வார்.

ஒக்டோபர் கடைசியில் அவருடைய வலக் கால்விரல்கள் கறுத்தன. நெடுநாள் சலரோகம், சீனி வருத்தம். முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் நஞ்சு உடம்பெல்லாம் ஏறும் என்றார் டொக்டர். "தேத்தண்ணிக்கும் நை எண்டிறவர். இதை ஆரேன் அவருக்கு விளங்கக் கேக்கவேணும்." தொலைபேசியில் ஒரு நோர்வேக்காரரைப் பிடித்தார்கள். அவர் தெற்குப் பகுதி ஆள். கிழவரின் குழறின வடக்குப் பேச்சு அவருக்குப் பிடிபடவில்லை. ஜூடித் வாசலுக்கு வந்து சாந்தகுமாரியின் கையைப் பிடித்தாள்.

"நீங்கள் கேளுங்கோ. நீங்கள் சொன்னால் அவருக்கு விளங்கும்."

சாந்தகுமாரி கட்டிலருகே குனிந்தாள். வெட்டுவதற்கு அவளிடம் சொல் இருந்தது.

"டொக்டர் காலை வெட்டப்போறார். வெட்டாட்டில் சாவு. வெட்டட்டோ?"

ஓட்வார் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, மூச்சு வாங்கி மூச்சு வாங்கிச் சொன்னார்.

"நை. இது கஞ்சி நை இல்லை. இது நை. நான் முழுசாய்ப் போறன். அவளுக்கு நன்றி சொல்லு. அப்பிடியே சொல்லு. ஒண்டும் வெட்டாதை."

"என்னவாம்?" என்றாள் ஜூடித். அழத் தொடங்கிவிட்டாள். "சாந்தா, என்ர மனுசன்ர ஆக்களெண்டு எனக்கு மிஞ்சினது இவர் ஒருத்தர்தான்."

சாந்தகுமாரியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கோ, பிள்ளைகள். வெளிக்கிடும்போது போறன் என்று சொன்னால் ஏச்சு விழுகிற வீட்டில் வளர்ந்தவள். கடைக்குப் போனாலும் போட்டு வாறன் என்றுதான் சொல்லவேண்டும். சாகப்போகிறேன் என்று மாமன் சொன்னதை, அழுகிற மருமகளின் முகத்துக்கு நேரே எந்த வாயால் சொல்லுவாள்? எங்கள் பக்கத்து மாமன் என்றால், மனதில் எது இருந்தாலும், கடைசியில் உன்ர விருப்பம் பிள்ளை என்றுதான் சொல்லியிருப்பார். அவள் ஓட்வாருக்குப் பதிலாக அந்த மாமனைப் பேசவிட்டாள்.

"பயமாய்த்தான் இருக்காம். ஆனால் உங்கட விருப்பப்படி செய்யட்டாம்."

ஜூடித் குனிந்து கிழவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். தான் சொன்னது அவளுக்கு விளங்கிவிட்டது, அவள் தன்னைப் போகவிடச் சம்மதித்துவிட்டாள் என்று ஓட்வார் நினைத்தார். இடக் கையால் அவளுடைய கையை மெல்லத் தட்டிக்கொடுத்தார். இரண்டு பேரும் அப்படிக் கொஞ்ச நேரம் ஆறுதலாக இருந்தார்கள்.

அடுத்த நாள் காலை கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். "நை! நை!" என்று அவர் கத்தினது நடைபாதையின் மறுகோடியில் வாளியோடு நின்ற சாந்தகுமாரிக்குக் கேட்டது. "சரி சரி, கெதியா முடிஞ்சிடும் ராசா," என்று தள்ளினவன் சொன்னதும் கேட்டது. அவள் வாளியைக் கீழே வைத்தாள். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். ஓடவில்லை.

கண் விழித்த பிறகு சில நாள் ஓட்வார் ஒருவரோடும் கதைக்கவில்லை. ஒரு பின்னேரம், அவள் கட்டிலடிக்கு வந்தபோது கேட்டார்.

"என்ன சொன்னனீ?"

அவள் சொன்னாள். மறைக்கவில்லை. அவர் ஏசுவார் என்று காத்துநின்றாள். ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். அவர் மெதுவாகக் கதைத்தார். அந்த எழுபத்திரண்டில் மீன்பிடிகாரர் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினதையெல்லாம் அவர் போட்டாராம். ஆனால் கோபத்தை வெட்டிவிட்டுப் போட்டாராம். வேண்டாம் என்று எழுதினது, யோசிக்கவேண்டும் என்று அச்சில் வந்ததாம். தம்பியும் ஒன்று எழுதியிருந்தான். அச்சான தாளைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, "இது என்ர பேர். ஆனால் என்ர வாய் இல்லை" என்று சொன்னதுதான் அவன் கடைசியாகக் கதைத்தது.

"நல்லதுக்குத்தான் வெட்டினன்," என்றார். "நீயும் நல்லதுக்குத்தான்."

"மன்னியுங்கோ ஐயா." அந்தச் சொல் மட்டும் அவளுக்குத் தமிழில்தான் வந்தது.

"கட்சிக்கு யா. எல்லாத்துக்கும் யா. ஒரு நை வைச்சிருந்தன். ஒண்டே ஒண்டு."

யா என்றால் ஓம். அதற்குப் பிறகு அவர் வாயில் வேறு சொல் வரவில்லை. கஞ்சியா, யா. குளிப்பா, யா. நோகிறதா, யா. நோகவில்லையா, அதற்கும் யா. நேர்ஸ்மாருக்குச் சந்தோசம். "எவ்வளவு நல்ல ஆளாய் மாறிட்டார்," என்றாள் ஒருத்தி. "முந்தி என்ன பிடிவாதம்!"

நவம்பர் முடிகிற நேரம் வானொலியில் செய்தி வந்தது. நோர்வேயில் திரும்பவும் வாக்கெடுப்பு. சனம் திரும்பவும் ஐரோப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சாந்தகுமாரி அதைப் பலகாரம் கொண்டுபோகிற மாதிரி அவரிடம் கொண்டு ஓடினாள்.

"உங்கட சனம் நை எண்டிட்டுது! உங்கட கரை முழுக்க நை!"

ஓட்வார் கேட்டார். "யா," என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டிசம்பரில் மற்றக் காலும் கறுத்தது. வெளியே மரங்கள் கிறிஸ்மஸுக்குச் சிவப்பாகப் பூக்கத் தொடங்கியிருந்தன. இந்த முறை ஜூடித் மொழிபெயர்க்க ஆளைக் கூப்பிடவில்லை. தானே கட்டிலில் இருந்து, அவருடைய இடது முழங்காலுக்குக் கீழே விரலால் கோடு இழுத்துக் காட்டி, முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"யா," என்றார் ஓட்வார்.

"பாத்தீங்களோ டொக்டர்! அவரே சொல்லிட்டார்!" ஜூடித்தின் முகம் மலர்ந்துவிட்டது.

சாந்தகுமாரி துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாள்.

"அது ஓம் இல்லை ஜூடித். அவர் எல்லாத்துக்கும் அதைத்தான் சொல்லுறார். அவருக்கு வேண்டாம். போன முறையும் வேண்டாமெண்டுதான் சொன்னவர். நான்தான் மாத்திச் சொன்னனான்."

டொக்டர் பேனையை வைத்தார். ஜூடித் எழும்பி நின்றாள்.

"என்ன சொல்லுறீங்கள்? அண்டைக்கு அவர் சம்மதமெண்டீங்கள்."

"பொய் சொன்னனான். நீங்கள் அழுதீங்கள்."

"அப்ப அந்தக் காலை..." ஜூடித் தன் கையைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "இல்லை. அண்டைக்கு அவர் என்ர கையைத் தட்டிக்கொடுத்தவர். எனக்குத் தெரியும். அண்டைக்குச் சொன்னது பொய்யெண்டால், இண்டைக்குச் சொல்லுறதை மட்டும் நான் என்னெண்டு நம்புறது?"

டொக்டர் பொறுமையான மனிதர். "திரும்பக் கேளுங்கோ," என்றார். "எங்கட முன்னால கேளுங்கோ."

அவள் ஈரத் தரையில் முழங்காலில் இருந்து, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தன்னிடம் இருந்த சொற்களையெல்லாம் வழித்தெடுத்துக் கேட்டாள்.

"வெட்டவேண்டாமெண்டு சொல்லுங்கோ. ஒருக்கால். நான் அப்பிடியே சொல்லுவன். ஒண்டும் வெட்டமாட்டன். கெதியா. சொல்லுங்கோ, பிசாசே, சொல்லுங்கோ."

ஓட்வார் திரும்பி அவளைப் பார்த்தார். அத்தனை கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தார். அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால் தான் பிழைத்திருப்பேன் என்று அவள் பிறகு சொன்னாள். அங்கே களைப்பு மட்டும்தான் இருந்ததாம்.

"யா," என்றார்.

அறையில் நின்ற எல்லோருக்கும் அது கேட்டது. ஜூடித் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனையை வாங்கினாள். தாளில் கையெழுத்து வைத்தாள். டொக்டர் தாளை மடித்துக்கொண்டு வாசலுக்குப் போனபோது, கட்டிலில் இருந்தவர், ஒருவரும் ஒன்றும் கேட்காமலே, இன்னொரு முறை யா என்றார்.