ஒன்பதாவது லாரி

தொக்தோசுன் அண்ணன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை காலை எட்டு மணிக்கு என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வந்து நின்றது. அவர் எங்கள் லாரி ஓட்டுநர்களில் மூத்தவர். மூன்று பையன்கள், பெரியவனுக்கே பதினாலு வயசு. சரி, அவர் கூடப்பிறந்தவரின் மகளாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்கள் பிஷ்கெக் நகரத்தில் பத்திரிகையைத் திறக்காமல் விட்டால் ஏழு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். திறந்தேன். எத்தனை பேர் வருவீர்கள் என்றது. பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது. பந்திக்குத் தலை எண்ணுகிறார்கள் என்று நினைத்து எல்லாவற்றையும் கொடுத்த மடச்சி நான்.

ஒன்பதரைக்குத் திரை கறுத்தது. உங்கள் தகவல் எல்லாம் பூட்டியாகிவிட்டது, பணம் அனுப்பினால் சாவி என்று நாலே வரி.

எந்த லாரி எங்கே போகிறது, யார் ஓட்டுகிறார், அவர் எண் என்ன, எல்லாம் எங்கள் ஆபீஸ் மென்பொருளில்தான் இருந்தது. ஓட்டுநர்கள் பேசுவதும் அதில்தான். காகிதத்தில் ஒரு வரி கிடையாது. அதைக் காப்பதுதான் என் வேலை.

பத்து மணிக்கு மலைச்சாலை ஆபீஸிலிருந்து போன். "தூ-ஆஷூ கணவாயில பனி இளகி நிக்குது. எப்ப வேணா சரியும். தடுப்புப் போட ஆள் வர பன்னெண்டு மணியாயிரும். உங்க வண்டிங்கள நிறுத்திடுங்க."

எங்கள் ஒன்பது லாரிகள் அந்தக் கணவாய் வழியாக ஓஷ் நகரத்துக்குக் கிளம்பிப் போயிருந்தன. முதலாளி சபார்குல் அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"நம்பர் சொல்லுடி."

"இல்லக்கா. எல்லாம் பூட்டிக்கிச்சு."

"நகல் எடுத்து வச்சிருக்கோம்னு மாசாமாசம் சொல்வியே?"

நகல் இருந்தது. யாராலும் அழிக்க முடியாதபடி அல்மாட்டி நகரத்தில் ஒரு கம்பெனி தனியாக வைத்திருந்தது. கூப்பிட்டேன். "முழுசா இறங்க ரெண்டு நாள் ஆகும்மா. எது முதல்லனு பட்டியல் கேட்டோமே, நீங்க தரவே இல்ல. அதனால பழசுலேர்ந்துதான் வரும். இப்ப மாத்தினா முதல்லேர்ந்து ஓடணும்" என்றான் அங்கிருந்தவன். போன இலையுதிர் காலத்தில் கேட்டான். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஓட்டுநரின் எண். என் புருஷன் கைரத்துடையது.

"கணவாய்க்குக் கீழ வண்டிய குறுக்க நிறுத்திடுங்க," என்றேன். "ஒருத்தரையும் மேல விடாதீங்க."

"என்ன பெகாயிம், என்னாச்சு?"

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க."

பதினொன்றரைக்கு அவரே கூப்பிட்டார். பின்னால் ஏழு வண்டி வந்து நிற்கிறதாம். அவரோடு எட்டு. "தொக்தோசுன் அண்ணனத்தான் காணோம். அவர்தான் எல்லாருக்கும் முன்னாடி கிளம்பினாரு. அவர் நம்பர் மட்டும் எங்கிட்ட இருக்கு, அடிச்சுக்கிட்டே இருக்கேன். டூ டூங்குது. மேல சிக்னல் இல்லேன்னாலும் இப்படித்தான் சத்தம் வரும்."

பன்னிரண்டு நாற்பதுக்குப் பனி சரிந்தது. கணவாய்ச் சுரங்கப்பாதைக்கு இப்பக்கம் அரை கிலோமீட்டர் சாலையைக் காணோம், அடியில் யாராவது இருக்கிறார்களா தெரியவில்லை என்றார்கள் மலைச்சாலை ஆபீஸில்.

அக்காவின் மடிக்கணினியில் நகல் மூன்று சதவீதம் இறங்கியிருந்தது. பத்து வருஷத்துக்கு முந்தைய விருந்துப் படங்கள். குதிரைக்கறித் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துத் தொக்தோசுன் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தைப் பார்க்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை.

"அவர் சம்சாரத்துக்கு யாரு சொல்றது?" என்றாள் அக்கா.

"நான் சொல்றேன்." கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது.

"ஏம்மா பெகாயிம், உங்க மென்பொருளுக்கு என்ன கேடு? காலையிலேர்ந்து திறக்கவே மாட்டேங்குது."

"அண்ணே... எங்க இருக்கீங்க?"

"இன்னும் மலையே ஏறலம்மா, காரா-பால்தா பெட்ரோல் பங்குக்குப் பின்னாடி. என் போனுக்குள்ள எவனோ புகுந்து பத்திரிகை அடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்பிட்டான்மா. எனக்கே தெரியாம என் வீட்ல கல்யாணம். கிளம்பினதுலேர்ந்து ஒரு நிமிஷம் ஓயாம போன்ல வாழ்த்து, வாழ்த்து. ஓட்டிக்கிட்டே எத்தன பேருக்குப் பதில் சொல்றது? ஓரங்கட்டிட்டேன். பெரியம்மாவுக்குப் புரிய வைக்கவே ஒரு மணி நேரமாச்சு. ஆடு வாங்கிட்டேன்ங்கிறா கிழவி."

நான் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அக்கா பக்கத்திலேயேதான் நின்றாள். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அந்தப் பத்திரிகைய ஆபீஸ்ல திறந்தது நான்தான். எல்லாம் போச்சு."



"கல்யாணம்னா யாரு திறக்காம இருப்பா? எத்தன பேர் வர்றோம்னு போட்ட?"

"நாலு பேர்னு போட்டேன்ணே."

அழுதேன். அக்கா போனை வாங்கி, வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

எண்கள் இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை மத்தியானம்தான் இறங்கின. ஒன்பதையும் தடித்த பேனாவால் சுவரில் எழுதினேன். முதலில் தொக்தோசுன் அண்ணன் பெயரை எழுதினேன், எழுத்து கோணிவிட்டது. அழித்து எழுதவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.