செம்புக் கம்பி

தேவராஜின் இரண்டு கைகளும் வெந்துபோன பிறகுதான் தங்கை கலைவாணி மலைக்குத் திரும்பினாள். டிப்ளமோ முடித்து, ராணிப்பேட்டையில் பேட்டரி வண்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். அண்ணன் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் இருக்கும் ஏரியில் சுற்றுலா வருகிறவர்களுக்குப் பேட்டரி படகு ஓட்டினான்.

அந்த ஏரியில் பாசி அதிகம். படகின் விசிறியில் பாசி சுற்றிக்கொண்டால் மோட்டார் திணறும், மின்சாரத்தை அளவுக்கு மேல் இழுக்கும். உடனே ஃபியூஸ் போய்ப் படகு நின்றுவிடும். படகுகளைக் குத்தகைக்கு எடுத்திருந்த பாண்டுரங்கனுக்கு இது பெரிய தொல்லையாக இருந்தது. ஃபியூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கச் சொன்னான். தேவராஜ் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தான், கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, படகில் ஒரு குடும்பம் இருக்கும்போது பாசி சுற்றியது. சுவிட்ச் உருகி ஒட்டிக்கொண்டதால் அணைத்தும் பலனில்லை. சீட்டுக்கு அடியில் ஒயர் பற்றி எரிந்தது. தேவராஜ் அதை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தான். குடும்பம் பிழைத்தது. ஓட்டுகிறவன் பீடி பிடித்ததால் வந்த தீ என்று போலீசிடம் சொன்ன பாண்டுரங்கன், அன்றைக்கே அந்தப் படகைத் துண்டு துண்டாக உடைத்துவிட்டான். பீடியைத் தொட்டே அறியாத தேவராஜ் மேல் வழக்கு விழுந்தது. அவன் விரல்கள் மடங்கி ஒட்டிப்போயின. மனைவி ஈஸ்வரிதான் சோறு ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் அவன் தலையைக் குனிந்துகொள்வதைக் கலைவாணி தினமும் பார்த்தாள்.

அவள் பாண்டுரங்கனிடமே போய் வேலை கேட்டாள். அவன் கலசப்பாக்கத்துக்காரன், எப்போதாவதுதான் மேலே வருவான். தேவராஜுக்குத் தங்கை இருப்பதே அவனுக்குத் தெரியாது. படகுத்துறையில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாப் படகுகளுக்கும் அவள் ஒழுங்காக ஒயர் இழுத்து, சரியான ஃபியூஸ் போட்டாள். கரையிலிருந்தே பேட்டரியைத் துண்டிக்க ஒரு ரிமோட்டும் பொருத்தினாள். தீ விபத்துக்குப் பிறகு அதிகாரிகள் கண்டிப்பாக இருந்ததால், பாண்டுரங்கன் அவளை எல்லோரிடமும் மெச்சிக்கொண்டான்.

புதுப் படகுக்குத் திறப்பு விழா வந்தது. முதல் சுற்று தான் மட்டும் தனியாகப் போவதாக அவன் முன்பே சொல்லியிருந்தான். அன்று காலை கலைவாணி அந்தப் படகின் ஃபியூஸைக் கழற்றிச் செம்புக் கம்பியை முறுக்கினாள். அணைத்தாலும் மின்சாரம் நிற்காதபடி சுவிட்சை மாற்றினாள். யாரும் உடனே உதவிக்குப் போக முடியாதபடி மற்றப் படகுகளின் பேட்டரிகளைக் கழற்றி வைத்தாள்.

கரையில் அதிகாரிகளும் ஊர்க்காரர்களும் கூடியிருந்தார்கள். தேவராஜும் ஓரமாக நின்றான். பாண்டுரங்கன் கையசைத்தபடி பாசிப் பக்கம் போனான். படகு திணறியது. சிறிது நேரத்தில் சீட்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. நீச்சல் தெரியாதவன், மிதவைச் சட்டையும் போடவில்லை. கலைவாணிக்குப் போன் செய்தான். அவள் ஸ்பீக்கரைப் போட்டுப் போனை மேடை மைக்கின் முன்னால் பிடித்தாள்.

"இன்னாம்மா இது, புகையுது. சுவிட்சு அணைய மாட்டேங்குது. ரிமோட்ட அமுத்து."

"அமுத்தறேன் சார். போன வருசம் எரிஞ்ச படகுல ஃபியூஸ் இருந்த எடத்துல இன்னா இருந்துச்சு?"

நீ யார் என்று அவன் கேட்டான். தேவராஜின் தங்கை என்றாள். அவன் மிரட்டினான், பிறகு கெஞ்சினான். அவள் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாள். மிதிபடகில் இரண்டு பேர் புறப்பட்டிருந்தார்கள், ஆனால் அவர்கள் போய்ச்சேர நேரமாகும். சீட்டுக்கு அடியில் தீ தெரிந்தது.

"செம்புக் கம்பி," என்று ஒலிபெருக்கியில் அவன் குரல் உடைந்தது. "நான்தான் போடச் சொன்னேன். அவன் பீடி புடிக்கல. அமுத்தும்மா."

அவள் அமுத்தவில்லை. தீயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை மாதமாக நெஞ்சில் எரிந்தது அப்போதுதான் கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருந்தது. இன்னும் குளிரட்டும் என்று நினைத்தாள்.

தேவராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"போதும் வாணி. அமுத்து."

"உன் கை வெந்தப்போ எவன் போதும்னான்?"

தேவராஜ் மடங்கிய விரல்களால் அவள் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கப் பார்த்தான். முடியவில்லை. விரல்கள் வழுக்கி வழுக்கி விலகின. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அவள் பொத்தானை அமுத்தினாள்.

மிதிபடகுக்காரர்கள் தண்ணீரை இறைத்துத் தீயை அணைத்துப் பாண்டுரங்கனைக் கொண்டுவந்தார்கள். அவனுக்கு ஒரு கால் வெந்திருந்தது. குத்தகை போயிற்று. அவன் மேல் வழக்கு வந்தது, தேவராஜின் மேலிருந்தது நீங்கியது. கலைவாணி மீதும் ஒரு வழக்கு வந்தது. விசாரித்த இன்ஸ்பெக்டர் வருத்தப்படுகிறாயா என்று கேட்டபோது, சீக்கிரம் அமுத்திவிட்டதுதான் வருத்தம் என்றாள்.

ஜாமீனில் வெளியே வந்தபின் திங்கள்தோறும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட பஸ் ஏறுகிறாள். தேவராஜும் கூடவே போகிறான். அன்றைக்கு நடந்ததைப் பற்றி மட்டும் இருவரும் பேசிக்கொள்வதில்லை.