மரத்துக்கு ஒரு பாஸ்

ஹோர்ன் ஒருமுறை அடித்தது. ஒருமுறை என்றால் வேண்டாம் என்று அர்த்தம். முழங்காலளவு பனிக்குள் நின்ற செலீன் மரம் அறுக்கும் கைவாளை இறக்கிவிட்டு, பாதையோரம் நின்ற வான் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். முன்கண்ணாடிக்குப் பின்னால், இரண்டு கம்பளிகளுக்கும் ஒரு குரங்குத் தொப்பிக்கும் நடுவில், அவள் புருசன் அம்புறோசின் மூக்கு மட்டும் தெரிந்தது. அந்த மூக்குக்கு இதுவரை ஒரு மரமும் பிடிக்கவில்லை. ஒன்று கூன். ஒன்று சோகை. இன்னொன்றுக்கு இரட்டைத் தலை. முதலில் கண்ணாடியை இறக்கி, மூச்சு வாங்க வாங்க, குறைகளை விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், களைத்துப்போன பிறகுதான் பக்கத்து இருக்கையிலிருந்து கையை நீட்டி ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார். தன்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட மனுசன் இவ்வளவு நுணுக்கம் பார்க்கவில்லையே என்று செலீனுக்குச் சிரிப்பு வந்தது.

கிறிஸ்மஸ் மரம் வேண்டுமென்றால் மொன்ட்ரியாலில் ஜோன்-தலோன் சந்தையில் வாங்கலாம். கட்டி, வலை போட்டு, வானில் ஏற்றியும் விடுவார்கள். மகள் ஜெயனி அதைத்தான் தலைகீழாக நின்று சொன்னாள். ஆனால் அரசாங்கக் காட்டுக்குள் போய் நாங்களே ஒரு மரம் வெட்டிக்கொள்ள அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள் என்று கோயிலில் யாரோ சொன்ன நாளிலிருந்து அம்புறோஸ் ஒற்றைக்காலில் நின்றார். பிள்ளை பொறுக்கமுடியாமல் கணினியில் விண்ணப்பித்தாள். யாருடைய பேரில் என்று அவள் கேட்டு முடிக்கும் முன்பே, "என்ரை பேரிலை எடு" என்றார். சீட்டு வந்தது. அவர் அதற்கு வைத்த பெயர் பாஸ்.

அம்புறோசுக்குப் பாஸ் என்பது சாதாரணச் சொல் அல்ல. யுத்தகாலத்தில் மன்னாரில் அவர் கடலுக்குப் போகவும் பாஸ், வவுனியா தாண்டவும் பாஸ், கொழும்பில் ஓரிரவு படுக்கவும் ஒரு துண்டு. எல்லாம் கையில் இருந்தாலும் சோதனைச்சாவடியில் நின்றவன் ஏதாவது ஒரு குறை கண்டுபிடிப்பான். முத்திரை மங்கல் என்பான், திகதி தெளிவில்லை என்பான். திரும்பிப் போ என்பான். மொன்ட்ரியாலுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் மனுசன் சட்டைப்பையில் காகிதம் இல்லாமல் கீழ்வீட்டு லோண்டரிக்குக்கூட இறங்கியதில்லை. இங்கே ஒருவரும் கேட்கவில்லை என்பது அவருக்கு நிம்மதிதான். ஆனாலும் ஒரு குறை உள்ளே இருந்தது. பாஸ் வந்த அன்றைக்கு அதை நெஞ்சுப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு சொன்னார்:

"ஒருக்கா ஆராவது மறிச்சுக் கேக்கவேணும் செலீன். நான் எடுத்துக் காட்டவேணும். அவன் வடிவாப் பாத்திட்டு, எல்லாம் சரி, போ எண்டு சொல்லவேணும். அவ்வளவும் போதும்."

ஜெயனி சிரித்தாள். செலீனும் சிரித்தாள், ஆனால் அரைச் சிரிப்புதான். அந்தச் சாவடி வரிசைகளில் அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்றவள் அவள்.

இதற்கிடையில் அவர் இருதயம் கைவிட்டுவிட்டது. செய்வதற்கு இனி ஒன்றும் இல்லை, வீட்டில் சந்தோசமாக வைத்திருங்கள் என்று வைத்தியர்கள் அனுப்பிவிட்டார்கள். காட்டுக்கதையை இனி எடுக்கவே கூடாது என்று ஜெயனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். செலீனும் ஓம் ஓம் என்றாள். இன்று காலை மகள் வேலைக்குப் போனதும், பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டு மாடிப்படியில் ஒவ்வொரு படியாக அவரை இறக்கி, வானில் ஏற்றி, வடக்கே பார்த்து வண்டியை விட்டாள். பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்று வழி முழுக்க வசனம் கூட்டிக்கொண்டே ஓட்டினாள். அவரோ பாலர் வகுப்புச் சுற்றுலா போகிறவர் மாதிரி இருந்தார்.

காட்டுப் பாதையில் செம்மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவன் பனிவண்டியில் வந்தான். அம்புறோஸ் நிமிர்ந்தார். கண்ணாடியை இறக்கி, பொத்தானைக் கழற்றி, பாஸை இரண்டு கையாலும் நீட்டினார். கூடவே குடியுரிமை அட்டை, மருந்து அட்டை எல்லாம். அவன் வண்டியை நிறுத்தி, ஒன்றும் விளங்காமல் அவரையும் காகிதங்களையும் மாறி மாறிப் பார்த்தான். பாவம், விளையாட்டுக்கு வண்டி ஓட வந்தவன். கடைசியில் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "ஜுவாயே நொயேல்" என்று கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"அவன் ஒப்பீசர் இல்லை," என்றார் அம்புறோஸ். காகிதங்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். "ஒப்பீசர் எண்டால் பாத்திருப்பான்."

செலீன் தொப்பியை இழுத்து அவர் காதை மூடிவிட்டு மறுபடி பனிக்குள் இறங்கினாள்.

இரண்டு முறை ஹோர்ன் அடித்தது ஒரு மொட்டை மரத்துக்கு. சந்தையில் என்றால் சும்மா கொடுத்தாலும் எடுக்கமாட்டார்கள். ஒரு பக்கம் செழிப்பு, மறுபக்கம் வெறும் குச்சி. செலீன் வான்வரை நடந்துபோய், உதுவோ என்று கேட்டாள். "மொட்டைப் பக்கத்தைச் சுவரோடை விடலாம்" என்று ஆயத்தமாகப் பதில் வைத்திருந்தார். வயிறு பனியில் பட அவள் குப்புறப் படுத்து, அடியோடு ஒட்ட அறுத்தாள். அறுபத்திரண்டு வயதில் இது தேவைதானா என்று ஒருதரம் தன்னையே கேட்டாள். மரம் சாய்ந்தபோது உள்ளேயிருந்து அவர் கைதட்டுவது கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது. அதற்குப்பிறகு அவள் கேட்கவில்லை.

கயிறு போட்டுக் கூரையில் கட்டி முடிக்க நேரம் சென்றது. வான் பெருந்தெருவில் ஏறியதும் அம்புறோஸ் அவளுடைய கையுறையை எடுத்து மோந்து பார்த்தார். பிசின் மணம். அதை அப்படியே மடியில் வைத்துக்கொண்டார்.

"நீர் நல்லாக் களைச்சுப் போனீர்."

"நீங்கள் கொஞ்சம் நித்திரை கொள்ளுங்கோவன்."

"ஓம். வழியிலை ஆரும் மறிச்சா என்னை எழுப்பும்."

அவர் கண்ணை மூடினார். செலீன் வானொலியைக் குறைத்தாள். இரண்டு பக்கமும் வெள்ளை வயல்களும் தனித்தனி வீடுகளும் போய்க்கொண்டிருந்தன. மனசு லேசாக இருந்தது. ஜெயனி ஏசினால் ஏசட்டும் என்றுகூட நினைத்தாள்.

ஒரு சின்ன ஊரின் தெப்பனர் என்ற சில்லறைக்கடை வாசலில், அவருக்குச் சூடாகத் தேத்தண்ணி வாங்கலாம் என்று வானை நிறுத்தினாள். சீனி போடவோ விடவோ என்று கேட்டாள். மறுபடியும் கேட்டாள். பிறகு மடியில் கையுறைக்கு மேலே இருந்த அவர் கையைத் தொட்டாள்.

தொட்டதுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் சிலுவை போட்டுவிட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கலியாணம் முடித்து இத்தனை வருடத்தில் அவர் பேரை அவருக்குக் கேட்கச் சொன்னது அதுதான் முதல்தரம். என்ஜினை அவள் நிறுத்தவில்லை. ஹீட்டர் நின்றுவிட்டால் அவருக்குக் குளிரும்.

அவசர இலக்கத்துக்கு அடித்தபோது பிரெஞ்சு வரவில்லை. அவளுடைய பிரெஞ்சு, வேலை பார்த்த கார்தெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் குழந்தைகளோடு புழங்கிப் பழகியது. அதில் சாவுக்குச் சொல் இல்லை. தூங்குகிறார், எழும்புகிறார் இல்லை என்று சொன்னாள். அந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு அது போதுமாக இருந்தது. அடுத்ததாக மகளுக்கு எடுத்தாள். எங்கே, எப்படி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஏச்சுக்குத் தயாராகக் காத்திருந்தாள்.

"அப்பா கேட்ட மரம் கிடைச்சுதா அம்மா?" என்றாள் ஜெயனி.

"கிடைச்சுது பிள்ளை. ஒரு பக்கம் மொட்டை."

அங்கே ஜெயனி அழத் தொடங்கினாள். இங்கே செலீனும் அழுதாள். அப்போதே புறப்பட்டு வருவதாக மகள் சொன்னாள்.

அம்புலன்சுக்கு முன்னால் போலீஸ் கார் வந்தது. இறங்கியவன் இளம்பொடியன், தாடி இப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அம்புறோசின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். பேர், என்ன வருத்தம், என்ன மருந்து எல்லாம் மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டான். பிறகு கேட்க ஒன்றுமில்லாமல், விட்டுப்போகவும் மனமில்லாமல், அவள் பக்கத்திலேயே நின்றான். கண் கூரைக்குப் போனது. நீங்களே வெட்டின மரமா என்று கேட்டான், பேச்சுக்குத்தான்.

செலீன் திடுக்கிட்டவள் போல நிமிர்ந்தாள். ஓம் என்றாள், தமிழில். பாஸ் இருக்கிறது, அவரிடம் இருக்கிறது என்று பிரெஞ்சில் சொன்னாள். வேண்டாம் மதாம், தேவையில்லை என்று அவன் கையை அசைத்தான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கம்பளியை விலக்கி, சட்டைப்பைப் பொத்தானைக் கழற்றி, சீட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"நீங்கள் பார்க்கவேணும்," என்றாள். எந்த மொழியில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

பொடியன் அவள் முகத்தைப் பார்த்தான். கையுறையைக் கழற்றிவிட்டுச் சீட்டை வாங்கினான். மேலேயிருந்து கீழ்வரை வாசித்தான். பேரை வாசித்து அம்புறோசைப் பார்த்தான். திகதியை வாசித்தான். வானைச் சுற்றிப் போய் மரத்தின் அடிப்பக்கத்தையும் பார்த்துவிட்டு வந்தான்.

"சே கொரெக்ட், மதாம்," என்றான். "எல்லாம் ஒழுங்கு."

செலீன் சீட்டை வாங்கிக்கொண்டு வானுக்குள் குனிந்தாள். அவர் தோளைத் தொட்டு லேசாக அசைத்தாள்.

"இஞ்சருங்கோ. மறிச்சவங்கள். பாத்திட்டு, எல்லாம் சரியாம்."

சீட்டை மடிப்புக் கலையாமல் பைக்குள் வைத்தாள். விரலெல்லாம் பிசின், பொத்தான் துளைக்குள் போகாமல் வழுகிக்கொண்டே இருந்தது. போலீஸ்காரன் வான் கதவைப் பிடித்தபடி, காற்று உள்ளே போகாமல் மறைத்துக்கொண்டு, அவள் பூட்டி முடிக்கும்வரை நின்றான்.