பேசாதே, விமானம் மேலே இருக்கு

கண்ணாடிக்கடைக்காரர் ரிமோட் விமானம் பறக்கவிடும்போது பக்கத்தில் யாரும் மூச்சு விடக் கூடாது. "இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதா" என்று வாரம் முழுக்க ஊரார் கண்ணைச் சோதித்து அலுத்துப்போன மனிதருக்கு, ஞாயிற்றுக்கிழமையானால் தவம் செய்ய ஒரு மைதானம் வேண்டியிருந்தது.

"ரிமோட்டைக் கையில எடுத்துட்டா நான் வேற, விமானம் வேற இல்ல. பக்கத்துல இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது" என்பார்.

தெரியாதுதான். போன மாதம் ஒரு விமானம் மரத்தில் மாட்டிச் செத்தது. அதற்கு முந்தைய மாதம் இன்னொன்று சுவரில் மோதியது. இரண்டு தடவையும் பழி மனைவி தலையில். ஒரு தடவை அவள் தும்மினாளாம். இன்னொரு தடவை மணி என்ன என்று கேட்டாளாம். அதோடு அவள் மைதானத்துப் பக்கமே போவதில்லை.

உடைந்த இறக்கைகள் குடியிருக்க வீட்டில் தனி அறை, ஜன்னலோடு. சாவி அவர் சட்டைப் பையில். தையல் வேலை பார்க்கும் மனைவிக்கு மட்டும் சாப்பாட்டு மேசையின் ஓரம். தட்டு வரும்போதெல்லாம் துணியைச் சுருட்டிக்கொண்டு எழ வேண்டும். ஒரு நாள் அவர் தட்டில் குண்டூசி கிடந்தது. அவர் குதித்த குதியில் அவளுக்கும் பொறுத்தது போதும் என்று ஆகிவிட்டது.

"இந்த ஞாயிறு நானும் வர்றேன். விமானம் முழுசா இறங்கினா அறை உங்களுக்கு. உடைஞ்சா என் மெஷினுக்கு."

"நீ வாயைத் திறக்காம இருந்தாப் போதும். அது பாட்டுக்கு முழுசா இறங்கும்" என்றார் அவர்.

மைதானத்தில் அவள் தம்பியும் இருந்தான். பஸ் டிரைவர். அக்கா புருஷனோடு ஒரே நாளில், ஒரே கடையில், அதே மாதிரி மஞ்சள் விமானம் வாங்கியவன். ரிமோட்டைத் தட்டிக்கொண்டே தெரிந்தவர்களிடம் ஊர்க்கதை பேசுவான். கவனமே இல்லாத ஜென்மம் என்று கண்ணாடிக்கடைக்காரருக்கு அவன்மேல் ஒரு இளக்காரம்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே, உங்களுதுல ஒரு சிவப்புத் துணி கட்டித் தரவா?" என்றாள் மனைவி.

"என் விமானத்தை எனக்குத் தெரியாதா? கண்ணை வச்சுப் பொழைக்கிறவன் நான். இனிமே பேசாத."

இரண்டும் மேலே போயின. வெயிலுக்கு நேராக ஒன்றையொன்று குறுக்கே கடந்தன. அதற்கப்புறம்தான் அந்த அதிசயம். வலப்பக்கம் திரும்பினால் நன்றாக இருக்குமே என்று அவர் நினைத்தார். விரலை அசைக்கும் முன்பே விமானம் திரும்பியது. இன்னும் கொஞ்சம் மேலே என்று நினைத்தார், போயிற்று. இதுவரை அவருக்குக் கைவராத குட்டிக்கரணம் ஒன்றையும் போட்டது. அதை அவர் நினைக்கக்கூட இல்லை. மனசு ஒருமுகப்பட்டால் விரல் எதற்கு என்று ரிமோட் குச்சியிலிருந்து விரலை எடுத்துவிட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் மனைவி வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டினார். மூடிக்கொண்டு, மைதானத்தின் கோடியைப் பார்க்க நடந்தாள்.

கடைசியில் விமானம் இறங்க வந்தது. அவர் மோட்டாரை மட்டும் நிறுத்தினார். அது பூப்போலத் தரையைத் தொட்டு, உருண்டு போய், மச்சான் காலடியில் நின்றது. அவன் குனிந்து தூக்கினான்.

"என் விமானத்தை ஏன்டா எடுக்கற?"

"இது என்னுது அத்தான்."

"அப்ப என்னுது எங்க?"

மைதானத்தின் கோடியிலிருந்து மனைவி நடந்து வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தையை வைத்திருப்பதுபோல ஒரு மஞ்சள் விமானம். கீறல்கூட இல்லை.

"குறுக்க போச்சே, அப்பவே நீங்க தம்பியோடதைப் பாக்க ஆரம்பிச்சுட்டீங்க."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"பேசாதன்னீங்களே. நீங்க கையை எடுத்ததும் இது பாட்டுக்கு வட்டம் போட்டுது. மோட்டாரை நிறுத்தினதும் புல்லுல வந்து உக்காந்துடுச்சு." விமானத்தை அவர் கையில் கொடுத்தாள். "முழுசாத்தான் இறங்கியிருக்கு. சொன்னா சொன்னதுதான். அறை உங்களுக்கே."

மச்சான் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணாடிக்கடைக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்று விமானத்தில், அவர் கை வைக்காத ஒன்றுதான் உருப்படியாக இறங்கியிருக்கிறது. இதில் ஜெயித்தேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அறையைத் திறந்தார். உடைசல்களைப் பரண்மேல் ஏற்றினார். தையல் மெஷினை மூச்சு வாங்கத் தூக்கிவந்து ஜன்னலோரம் போட்டு, சாவியை அதன்மேல் வைத்தார். அவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்து நீளமாக வெட்டினாள்.

"வெளிச்சம் போதுமா?" என்றார். அவள் ஊசியில் நூல் கோத்தாள். "அது என்ன தைக்கற?"

"உங்க விமானத்துக்கு வால்" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். "கொஞ்சம் பேசாம இருங்க. தைக்கறப்ப எனக்குக் கவனம் வேணும்."